கடைசித் துளியில் நிற்பது

என் மகள் என்னை வேட்டைக்குக் கூப்பிட்டது துணைக்கு அல்ல, என் முதுகுக்காக.

"நான் ஒண்டைச் சுட்டால் ஆர் தூக்கிறது, அப்பா? அந்தச் சரிவுக்குள்ளை வாகனம் போகாது. நீங்கள் வாங்கோ," என்று தொலைபேசியில் சொன்னாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலுமாக மூன்று மணி நேரம் தள்ளியிருந்த மலைக்காட்டில் காட்டுத்தொழில் படித்துக்கொண்டிருந்தாள். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம். மரம் தறிப்பாள், கன்று நடுவாள், வேலி அடிப்பாள், வாள் இயந்திரத்தின் சங்கிலியைத் தானே கழற்றி அராவிப் போடுவாள். அதோடு வேட்டைக்கான அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தாள். யாக்ட்ஷைன் என்பார்கள். அதற்கென்று ஒரு குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போனாள். சுடும் பரீட்சையில் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் தேறினாள்.

அவளுடைய அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை.

"துவக்கில்லாத இடம் எண்டுதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப நீ காசு கட்டித் துவக்குப் படிக்கிறாய்."

"அம்மா, இது மானுக்கு."

"துவக்குக்குத் தெரியுமே ஆர் மான், ஆர் மனிசர் எண்டு?"

பிறகு, தோற்றுப்போனவள்போல, அம்மா வேறொரு சட்டம் போட்டாள். "என்னவாவது செய். வெள்ளிக்கிழமை உயிர் எடுத்ததை என்ரை அடுப்பிலை வைக்க ஏலாது. சொல்லிப்போட்டன்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனிக்கு வந்த பிறகும் ஓரிடத்தில் நின்றதில்லை. பன்றி வெட்டும் தொழிற்சாலை, வீதி வேலை, திருவிழா ராட்டினம் பூட்டிக் கழற்றும் வேலை, குளிர்காலங்களில் இதே மலைப்பக்கம் கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் வெட்டும் வேலை. வேலை முடிந்தால் அடுத்த ஊர். சில சமயம் வேலை முடிய முதலே அடுத்த ஊர். மகளின் பள்ளிக்கூடக் கூட்டங்கள் எதற்கும் நான் போனதில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அவள் என்னைக் கூப்பிட்டதுமில்லை. இதற்குக் கூப்பிட்டாள். போனேன்.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். காட்டு அதிகாரி பாதை முடியும் இடத்தில் தன் வாகனத்தோடு காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதிக் காடு முழுக்க அவர் பொறுப்பு. மகளுக்குத் தொழில் பழக்குபவரும் அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வணக்கம் சொல்ல முதல் என் சப்பாத்தைப் பார்த்தார். நத்தார் மரம் வெட்டும்போது போட்ட பழைய வேலைச் சப்பாத்து, வலது காலுக்குக் கயிறு மாற்றிக் கட்டியது. வாகனத்தின் பின்பக்கம் சிவலை நிறப் பெட்டை நாய் ஒன்று கம்பிக்கூட்டுக்குள் சுருண்டு படுத்திருந்தது.

"நாய் வரேல்லையோ?" என்று மகளிடம் கேட்டேன்.

"தேவைப்பட்டால் மட்டும்தான். அது காயப்பட்ட மிருகத்தைத் தேடுற நாய். தேவைப்படக்கூடாது எண்டு நினையுங்கோ."

அந்த வருடம் தை மாதத்தில் அடித்த புயல் அந்த மலைகளின் பாதி மரங்களைச் சரித்திருந்தது. உயர்ந்த ஊசியிலை மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, சிந்திய தீக்குச்சிகள்போலக் கிடந்தன. வேர்த்தட்டுகள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. பாதைகள் மூடிப்போயிருந்தன. நாங்கள் மூன்று பேரும் கால் மணி நேரத்துக்கு மேல் மரங்களில் ஏறியும் அடியில் நுழைந்தும் நடந்தோம். அதிகாரி முன்னால், மகள் துவக்கோடு நடுவில், நான் கயிறும் தண்ணீரும் சுமந்துகொண்டு பின்னால். அவள் நடந்த விதத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். கிளையை மிதிக்காமல் கால் வைத்தாள். ஓரிடத்தில் என் காலடியில் ஒரு கொப்பு முறிந்தது. அவள் திரும்பவில்லை, இடது கையை மட்டும் பின்னால் நீட்டி விரல்களை அசைத்தாள். 'மெல்ல' என்று அர்த்தம்.

மரப் பரணில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கீழே புயல் வெறுமையாக்கிய ஒரு வெளி. அதற்கப்பால் விழுந்த மரங்களின் குவியல். அவளுக்கு அனுமதித்திருந்தது ஓர் இளம் கலைமான். நம்மூர் மரைக்கு இந்த நாட்டு மான் ஒன்றுவிட்ட உறவு. அதே கனம், அதே நிமிர்வு. நான் அதை மரை என்றே சொல்வேன். கிளைவிடாத இரண்டு குத்துக்கொம்போடு வருவதை மட்டுமே சுடலாம். பெரியதைத் தொடக்கூடாது.

வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது அது வந்தது. வெளியின் ஓரத்தில் நின்று தலையைத் தூக்கியது. அதிகாரி தொலைநோக்கியை இறக்கிவிட்டு ஒரு சொல் சொன்னார். மகள் துவக்கைப் பரணின் கட்டையில் ஊன்றினாள். அவளுடைய மூச்சு என் தோளில் பட்டது. பிறகு மூச்சு நின்றது. வெடித்தது.

மரை முன்காலில் இடறியதுபோலக் குனிந்து, எழும்பி, மூன்று காலில் ஓடி, விழுந்த மரங்களுக்குள் புகுந்துவிட்டது.

"முன்னங்கால்," என்றார் அதிகாரி. "குண்டு கீழே போய்விட்டது." திட்டவில்லை. நேரத்தைப் பார்த்தார். "நான் நாயைக் கொண்டுவருகிறேன். கீழே யாரும் இறங்கக்கூடாது. அது கிட்டத்தில் எங்கேயாவது படுக்கும். விட்டுவிட்டால் படுத்த இடத்திலேயே உடம்பு விறைத்து எழும்ப மாட்டாது. அதுவரை இருங்கள்."

அவர் போனார். மகள் துவக்கிலிருந்து ரவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் செருகி உட்கார்ந்திருந்தாள்.

"நான் விசையை இழுத்துப்போட்டன், அப்பா. மெல்ல அமத்தவேணும். இழுத்துப்போட்டன்."

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சலம் கழிக்கப் போகிறேன் என்று சொல்லி இறங்கினேன்.

பொய் இல்லை, அதற்குத்தான் இறங்கினேன். ஆனால் கால் நேரே மரை நின்ற இடத்துக்குப் போயிற்று. புல்லில் இரத்தம். வெள்ளையாக ஒரு எலும்புச் சில்லு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. நான் வளர்ந்த இடத்தில் ஒருவருக்குக் காயம் பட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்ற பேச்சே இல்லை. ஷெல் விழுந்து சத்தம் அடங்கியதும் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் கிடந்த இடத்திலேயே உயிர் போய்விடும். சைக்கிளில், கதவுப் பலகையில், தோளில் என்று நான் தூக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கம் கால்களில் இருந்தது. இரத்தத்தைப் பார்த்ததும் கால்கள் போயின.

விழுந்த மரங்களுக்குள் அறுபது எழுபது அடி நுழைந்திருப்பேன். முன்னால் ஒரு வேர்த்தட்டின் பின்னால் ஏதோ பெரிதாக எழும்பிற்று. கொப்புகள் முறிந்தன. சத்தம் சரிவில் இறங்கி, தூரம் போய், அடங்கிற்று. போய்ப் பார்த்தேன். பாசியில் ஒரு படுக்கை. நடுவில் இரத்தம் தேங்கி நின்றது. தொட்டேன். சுடச்சுட இருந்தது.

அதிகாரி நாயோடு வந்தபோது நான் பரணின் கீழே நின்றேன். அவர் இடத்தைப் பார்த்தார், நாயின் மூக்கைப் பார்த்தார், உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தார். வெளியே வந்து, "யார் போனது?" என்று கேட்டார்.

"நான்," என்றேன்.

அவர் மகளிடம் ஜேர்மன் மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது படுத்திருந்ததாம். விட்டிருந்தால் நாய் அஞ்சு நிமிசத்திலை கண்டுபிடிச்சிருக்குமாம். எழுப்பிவிட்டால் மூண்டு காலிலை மலையைத் தாண்டுமாம். இருட்டுது. இனி விடியத்தானாம்." பிறகு சொந்தமாகச் சொன்னாள்: "ஏன் போனனீங்கள்?"

"காயப்பட்டதை விட்டிட்டு இருக்க ஏலாமல் போச்சுது, பிள்ளை."

"அது மனிசன் இல்லை, அப்பா. உங்களைக் கண்டால் அதுக்குப் பயம்."

அவளுடைய ஒற்றை அறையில் இரவுச் சாப்பாடு பாணும் சூப்பும். அவள் சூப்பைத் தொடவில்லை. யாக்ட்ஷைனை மேசையில் எடுத்து வைத்தாள். அவளுடைய படம் ஒட்டிய சின்னப் பச்சைப் புத்தகம்.

"அதைக் கண்டுபிடிக்காட்டி இதைத் திருப்பிக் குடுத்திடுவன். பகிடிக்குச் சொல்லேல்லை. ஒண்டை முறிச்சுப்போட்டு அது பத்தைக்குள்ளை கிடந்து புழுத்துச் சாக, நான் இன்னொண்டுக்குப் போக மாட்டன்."

"ரெண்டு தரம் சோதினைக்குப் போய் எடுத்தது."

"அதுக்கு என்ன இப்ப?"

ஞாயிற்றுக்கிழமை நான் வடக்கே ஒரு துறைமுகத்தில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. சனி மதிய ரயிலுக்குச் சீட்டும் எடுத்திருந்தேன். அவள் முகம் கழுவப் போனபோது அந்த மேஸ்திரிக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்றேன். அப்படியென்றால் இனி வரவே வேண்டாம் என்றான். சரி என்றேன்.

விடியும்போது வெளியில் உறைபனி. அதிகாரி எங்களுக்கு முதலே அங்கே நின்றார். நாயின் கழுத்தில் அகலமான தோல் பட்டை, அதிலிருந்து பத்து மீற்றர் தோல் வார். என்னைப் பார்த்து, தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு சுருள் கழிவறைத் தாள்.

"இது உன் வேலை," என்றார் மெதுவாக, எனக்கு விளங்கும்படி. "நாங்கள் இரத்தம் கண்டால் கூப்பிடுவோம். நீ வந்து அந்த இடத்தில் ஒரு துண்டைக் கொழுவிவிட்டு அங்கேயே நிற்பாய். அடுத்த இரத்தம் காணும்வரை அசையக்கூடாது. நீ அசைந்தால் நாங்கள் திரும்பி வர இடம் இருக்காது. விளங்குகிறதா?"

"விளங்குது."

மகள் தமிழில் ஒருமுறை சொன்னாள். "அப்பா. நிக்கிறது. அவ்வளவுதான்."

"ஓம்."

"சலத்துக்கும் போகேலாது."

"ஓமெண்டிறன்."

தொடக்கம் சுகமாக இருந்தது. படுக்கையிலிருந்து நாய் மூக்கை நிலத்தில் வைத்து இழுத்தது. ஒவ்வொரு இருபது முப்பது அடிக்கும் இரத்தம்: இலையில், பட்டையில், பாசியில். தாளைக் கொழுவுவேன், நிற்பேன், கூப்பிடுவார்கள், போவேன். நிமிர்ந்து நடக்க முடிந்த இடமே குறைவு. மரங்களின்மேல் உறைபனி, கையால் பிடித்தால் வழுக்கும். அதிகாரி வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கொப்புகளுக்கடியில் தவழ்ந்தார். கொப்பு ஒன்று அவருடைய காதைக் கிழித்து இரத்தம் வந்தது, துடைக்கவில்லை. மகள் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் தவழ்ந்தாள். கால்காயத்து இரத்தம் போகப்போகக் குறையும் என்று அவள் சொல்லியிருந்தாள். அப்படியே நடந்தது. முப்பது அடி ஐம்பதாயிற்று, நூறாயிற்று. பிறகு ஒரு பன்னச் செடியின் தழையில் ஒரேயொரு துளி, காய்ந்து கறுத்துப்போய்.

அதுதான் கடைசித் துளி. தாளைக் கொழுவினேன். நின்றேன்.

அவர்கள் முன்னால் போய்ச் சுற்றினார்கள். நாயின் மூச்சு கேட்டது, பிறகு கேட்கவில்லை. இடது பக்கம் வட்டம் போட்டுத் திரும்பி வந்தார்கள். மகள் என்னைக் கடந்துபோகும்போது கையை விரித்துக் காட்டினாள்: ஒன்றுமில்லை. வலது பக்கம் போனார்கள். வெயில் மலைக்கு மேலே வந்தது, என்னிடம் வரவில்லை. கால்விரல்கள் விறைத்தன. சப்பாத்துக்குள் தண்ணீர். ஒரு மணி நேரம் இருக்கும், அதிகமாகவும் இருக்கலாம்.

கஷ்டங்களை நான் பெரிதாக எடுப்பதில்லை. பதினாறு மணி நேரம் லொறியின் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து எல்லை கடந்திருக்கிறேன். அப்போதும் லொறியாவது ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் ஓரிடத்தில் நிற்பது எனக்குத் தெரியாத வேலை. சரிவில் இறங்கிப் பார்த்தால் என்ன என்று இரண்டு தரம் தோன்றிற்று. கீழே ஓடைச் சத்தம் கேட்டது. காயப்பட்டது தண்ணீருக்குத்தானே போகும். ஒரு தரம் வலது கால் தூக்கிவிட்டது. அந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பன்னத் தழையையும் அந்தத் துளியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் மேலே இருந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நாய் களைச்சுப்போச்சு. இன்னும் ஒருக்கால் பாப்பாராம். பிறகு முடிக்கிறதாம்."

"முடிக்கச் சொல்லாதை."

"நான் என்ன செய்ய? அவர் சொல்லுறார்."

"நான் பின்னேரம் மட்டும் நிப்பன் எண்டு சொல்லு. நாளைக்கும் நிப்பன்."

"உங்களுக்கு இண்டைக்கு ரயில்."

"அதை விட்டிட்டன். நீ சொல்லு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வலது சப்பாத்தின் கயிறு ஈரத்தில் அவிழ்ந்து தொங்கியது. கட்டுவது அசைவதாகாது என்று நினைத்து, நின்ற இடத்திலேயே குந்தினேன். எனக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது; அவ்வளவு நேரமும் ஒரு கையை அதில்தான் ஊன்றியிருந்தேன். குந்தியபோது முகம் அதன் அடிப்பக்கத்துக்கு வந்தது. அங்கே பட்டையில், கைப்பிடி நீளத்துக்கு ஒரு கறுத்த தீற்றல். அதில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தது.

முன்னால் போன மிருகம் தடத்துக்குப் பக்கவாட்டில் கிடந்த மரத்தில் எப்படி உரசும் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. அது முன்னால் போகவில்லை. இந்தத் துளி மட்டும் வந்து, தன் தடத்திலேயே திரும்பி, இந்த மரத்துக்கடியில் நுழைந்து கீழே இறங்கியிருக்கிறது. நாய் முன்னால் இழுத்துக்கொண்டே போனதால் திருப்பத்தைத் தவறவிட்டிருக்கிறது.

என் கால்கள் திரும்பவும் துடித்தன. எழும்பி நின்று, நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"பிள்ளை! இஞ்சை வா! ரெண்டு பேரும் வாங்கோ! நான் அசையேல்லை!"

அதிகாரி வந்து முழங்காலில் நின்று பார்த்தார். தீற்றலை விரலால் தொடவில்லை, நாயைக் காட்டினார். அது மூக்கை வைத்ததும் உடம்பு முழுக்க ஒருமுறை உதறிற்று. அடுத்த கணம் மரத்துக்கடியால் கீழ்நோக்கி இழுத்தது. அவர் நாயோடு சறுக்கிக்கொண்டே போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையால் 'வா' என்றார்.

ஓடையருகில் ஒரு புதருக்குள்ளிருந்து அது எழும்பியது. அதிகாரி நாயை அவிழ்த்துவிட்டார். குரைப்புச் சத்தம் ஓடை வழியே போய், ஓரிடத்தில் நிலைத்து நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரை முழங்கால் தண்ணீரில் நின்றது. முறிந்த கால் தொங்கியது. நாய்க்கு நேரே கொம்பைத் தாழ்த்தியிருந்தது. அதன் மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது.

அதிகாரி தன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். மகள் அவருடைய கையைத் தொட்டாள்.

"நான்," என்றாள்.

அவர் விலகினார். அவள் பக்கவாட்டில் நடந்து, நாய் குறுக்கே வராத இடத்தில் ஒரு மரத்தில் தோளைச் சாய்த்து, காத்திருந்தாள். நாய் இடம் மாறியது. அவள் இன்னும் காத்திருந்தாள். இந்த முறை அவள் விரல் இழுக்கவில்லை. மெல்ல அமத்தினாள். மரை நின்ற இடத்திலேயே விழுந்தது.

மூன்று பேரும் அதைக் கரைக்கு இழுத்தோம். அதிகாரி ஊசியிலை மரத்தில் இரண்டு சிறு கொப்பு முறித்தார். ஒன்றை மரையின் வாய்க்குள் வைத்தார். அது கடைசியாகக் கடிக்கும் கவளமாம். மற்றதைக் காயத்தில் தொட்டு, தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்து, சுட்டவருக்கு மரியாதையாக மகளிடம் நீட்டினார். அவள் எடுத்து, அதில் ஒரு பகுதியை முறித்து நாயின் கழுத்துப் பட்டையில் செருகினாள். கண்டுபிடித்த நாய்க்குப் பங்கு கொடுப்பது அங்கே வழக்கம். மீதியைத் தன் தொப்பியில் செருகினாள். அழுதாள், மூக்கைச் சீறினாள், கத்தியை எடுத்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நேற்று உன்னை வீட்டுக்கு அனுப்ப நினைத்தேன்," என்றார்.

"தெரியும்."

"தாள் மிச்சமிருக்கிறதா?"

சுருளைக் கொடுத்தேன். காதில் காய்ந்திருந்த இரத்தத்தை அப்போதுதான் துடைத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டதற்கான வேலை தொடங்கியது. குடல் நீக்கியும் அது என் பாரத்துக்கு மேல் இருந்தது. கொம்பில் கயிறு கட்டி, மரங்களுக்கு மேலால் ஏற்றி இறக்கி, பாதைக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பின்னேரமாயிற்று. நானும் மகளும் முன்கயிறு. ஒவ்வொரு மரத்திலும் ஏற்றும்போது, "ஒண்டு, ரெண்டு," என்று அவள் எண்ணுவாள், மூன்றுக்கு இழுப்போம். இறைச்சி குளிர் அறையில் தொங்கப் போயிற்று. சுட்டவருக்கு உரியதென்று ஈரலையும் இருதயத்தையும் அதிகாரி ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்.

டுசல்டோர்ஃபுக்கு இரண்டு பேருமாகப் போனோம். அவளுடைய அம்மா கதவைத் திறந்து, சேறு பிடித்த எங்களைப் பார்த்து, பையைப் பார்த்தாள்.

"எப்ப சுட்டது?"

"நேற்று," என்றாள் மகள்.

"நேற்று வெள்ளி. சொன்னனானெல்லே?"

"வெள்ளி சுட்டது, அம்மா. செத்தது இண்டைக்கு. சனி."

அம்மா யோசித்தாள். "பேந்து அந்த ராத்திரி முழுக்க அது என்ன செய்தது?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. நான்தான் சொன்னேன்.

"கால் முறிஞ்சு காட்டுக்குள்ளை திரிஞ்சது. நான் போய் எழுப்பிவிட்டிட்டன். இல்லாட்டி நேற்றே முடிஞ்சிருக்கும்."

அம்மா பையை வாங்கிக் கழுவுதொட்டியில் வைத்தாள். மகள் யாக்ட்ஷைனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். ஓடையில் நனைந்திருந்த அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, காயட்டும் என்று ஹீட்டரின் மேல் விரித்து வைத்தாள். அம்மா மிளகை உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினாள்.

"வெங்காயம் உரியுங்கோ," என்றாள் என்னைப் பார்த்து. "எங்கை இனிப் போகப்போறியள்?"

"இப்ப ஒரிடமும் இல்லை," என்று சொல்லிக் கத்தியை எடுத்தேன்.